பூட்டியின் குப்பாயம்

போன மாதம் என் பேத்தி நாகர்கோவிலிலிருந்து ஒரு ரவிக்கை வாங்கி வந்து காட்டினாள். தோளில் கொசுவி, பந்துபோல உப்பி நிற்கும் கை. கழுத்தைச் சுற்றிப் பின்னல் கரை. துணி புத்தம் புதுசு. ஆனால் நூறு தடவை துவைத்து வெயிலில் போட்டதுபோல ஒரு பழுப்பு நிறம். "பழைய காலத்து ஸ்டைல் ஆச்சி, இப்ப ரோட்டுல எல்லாப் பிள்ளையளும் இதத்தான் போடுது" என்றாள். நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். நன்றாகத்தான் இருந்தது. அவள் கண்ணாடி முன்னால் போய் நின்ற பிறகும் நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது எனக்குத் தெரிந்த கை. அதுபோன்ற ஒன்றை என் பதினோராவது வயதில் நான் பாழாக்கியிருக்கிறேன்.

அப்போது நாங்கள் இரணியலில் இருந்தோம். சுதந்திரம் வந்து ஆறேழு வருடம் ஆகியிருக்கும். ஊர் இன்னும் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. பள்ளிக்கூடத்தில் மலையாளமும் எழுத வேண்டும். ரவிக்கையை ஜம்பர் என்போம். அதுவரை எங்கள் ஜம்பர்களுக்குக் கை என்பது துணியை நேராக வெட்டி ஒட்டுவதுதான். அந்தக் கோடை விடுமுறைக்கு நாகர்கோவிலிலிருந்து சித்தப்பா மகள் வந்தாள். என்னைவிட ஐந்து வயது மூத்தவள். அக்கா பஸ்ஸைவிட்டு இறங்கியபோது அவள் தோளில் இரண்டு புறாக்கள் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. அதற்குப் பெயர் பப் கை என்றாள். டாக்கீஸில் எல்லா நடிகைகளும் அதுதான் போடுகிறார்களாம். அவள் கடைக்குப் போனால் எங்கள் தெருப் பெண்பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் பின்னாலேயே போனோம். ஒரு வாரத்துக்குள் இரண்டு பேர் வீட்டில் அழுது அடம்பிடித்து அந்தக் கையைத் தைத்துக்கொண்டார்கள். நானும் அழுது பார்த்தேன். அம்மா அசையவில்லை. பப் கைக்குத் துணி இரண்டு மடங்கு வேண்டும், அடுத்த வருடம் பார்க்கலாம் என்றாள். அடுத்த வருடம் என்பது அந்த வயதில் வராமலே போகக்கூடிய ஒரு காலம்.

எங்களோடு அத்தையும் இருந்தாள். அப்பாவின் அக்கா. கல்யாணமாகி மூன்றாம் வருடம் புருஷன் காய்ச்சலில் போனதும் பிறந்த வீட்டுக்கு வந்தவள், அழுதுகொண்டு மூலையில் இருக்கவில்லை. சந்தையில் இருந்த எங்கள் கருப்பட்டிக் கடையில் அப்பாவுக்குச் சமமாக உட்கார்ந்தாள். கருப்பட்டியில் கலப்படம் இருந்தால் விரலால் தொட்டே சொல்லிவிடுவாள். அவளிடம் பேரம் பேச வந்த ஆண்கள் பாதியில் குரலைத் தணித்துக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன்.

உடுப்பு விஷயத்தில் மட்டும் அத்தை எங்களுக்குப் பெரிய தொந்தரவு. முழங்கை வரை மூடிய வெள்ளை ஜம்பர், கழுத்தடியில் இரண்டு ஊக்கு. படியிறங்கும் முன் மேல்துண்டை இரண்டு தடவை இழுத்துவிட்டுக்கொள்வாள். நாங்கள் புழுக்கம் என்று பாவாடையை மட்டும் மார்புவரை ஏற்றிக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தால் போதும், "ஏட்டி, துணி இல்லாத காலமா இது? உள்ள போ" என்று கத்துவாள். நாகரிகம் தெரியாதவள் என்று நானும் அக்காவும் எங்களுக்குள் சொல்லிச் சிரித்துக்கொள்வோம்.

வருடத்துக்கு ஒரு நாள் அத்தை தன் தகரப்பெட்டியைத் திறந்து உள்ளே இருப்பதையெல்லாம் முற்றத்துக் கட்டிலில் வெயிலில் போடுவாள். அந்த வருடம் நான் பக்கத்தில் இருந்தேன். கல்யாணச் சேலை, மாமாவின் ஒரு வேட்டி, அதற்கெல்லாம் அடியில் ஒரு சட்டை. தொளதொளவென்று, இடுப்புக்குக் கீழே வரை நீண்ட முழுக்கைச் சட்டை. கைத்தறித் துணி, வெள்ளையாக இருந்து பழுத்துப் போயிருந்தது. ஆனால் என் கண் நின்றது தோளில். அங்கே துணி நெருக்கமாகக் கொசுவப்பட்டு, கை அப்படியே உப்பி இறங்கியது. அசல் பப் கை!

அதன் முன்பக்கம்தான் கண்றாவியாக இருந்தது. கழுத்திலிருந்து வயிறு வரை ஒரே கிழிசல். அதை யாரோ கறுப்பு நூலால், கோணி மூட்டையைத் தைப்பதுபோலப் பெரிய பெரிய தையலாகப் போட்டு இழுத்திருந்தார்கள். துணி அங்கங்கே சுருங்கி நின்றது.

"இது யாருக்குள்ளது அத்தே?"

"உன் பூட்டிக்குள்ளது. குப்பாயம்னு சொல்லுவாங்க. எங்க அப்பாவைப் பெத்தவ போட்டது."

"பின்ன ஏன் இவ்வளவு அசிங்கமா தச்சிருக்கு?"

"ஊசி பிடிக்கத் தெரியாதவ தச்சா அப்படித்தான் இருக்கும்" என்றாள் அத்தை. அந்தத் தையல்மேல் ஒரு தடவை விரலை ஓட்டினாள். பிறகு மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அதை மட்டும் முதலில் மடித்து உள்ளே வைத்தாள். அவ்வளவு நல்ல கையை இப்படிப் பெட்டிக்குள் பூட்டி வைக்கிறாளே என்று எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஒன்பது நாள் இருந்தபோது அத்தை கொட்டாரத்துக்குப் போனாள். அங்கே அவளுடைய நாத்தனார் மகளுக்குக் கல்யாணம். கொடையன்று வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். பெட்டிச் சாவியை அரிசிப் பானைக்குள் போட்டு வைப்பாள் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். திருட யாரும் இல்லை என்ற நம்பிக்கையில்தான் அங்கே வைத்தாள்.

சாவியை எடுத்துப் பெட்டியைத் திறந்தபோது அதை நான் திருட்டு என்றே நினைக்கவில்லை. யாரும் போடாத ஒரு பழைய சட்டை. பூட்டி எனக்கும்தானே பூட்டி! கையைக் குறைத்து, நீலம் முக்கி வெளுத்து, இடுப்பளவுக்கு வெட்டிவிட்டால் அத்தைக்கே அடையாளம் தெரியாது. தெரிந்தாலும் என் அழகைப் பார்த்துச் சந்தோஷப்படுவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அம்மா தன் ஜம்பர் துணியைத் தையல் கடையில் கொடுத்துவிட்டு வரச்சொன்னபோது குப்பாயத்தையும் அதற்குள் சுருட்டி எடுத்துப் போனேன்.

தையல்கார அண்ணாச்சி கடை சந்தை முகப்பில் இருந்தது. மெலிந்த மனிதர். காதில் சுண்ணக்கட்டி, கழுத்தில் அளவு நாடா. பழைய காலண்டரிலிருந்து வெட்டிய, பப் கை போட்ட பெண்ணின் படம் ஒன்றைச் சுவரில் ஒட்டிவைத்திருந்தார். அந்த வருடம் அவர் கடையில் அதைச் சுட்டிக் காட்டாத பெண்பிள்ளை கிடையாது. நானும் காட்டினேன்.

அவர் குப்பாயத்தை விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இந்தத் துணி இப்ப கிடைக்காது மக்கா. இந்தக் கொசுவத்தைப் பாரு, மெஷின் இல்லாம கையால போட்டது. இத வெட்டச் சொல்லுதியா?" என்றார். பிறகு கறுப்புத் தையலில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "வீட்டுல கேட்டியா?"

"அத்தைதான் குடுத்துவிட்டா."

"அத்தையா?"

"ஆமா அண்ணாச்சி."

அவர் இன்னும் கொஞ்சம் யோசித்தார். அத்தையை அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் பதினொரு வயதுப் பிள்ளை முகத்தைப் பார்த்துக்கொண்டு இவ்வளவு நிதானமாகப் பொய் சொல்லும் என்று அவருக்குத் தோன்றவில்லை. "அப்ப இந்தக் கிழிஞ்ச துண்ட என்ன செய்ய? மடிச்சுத் தாரேன், கொண்டு போறியா?" என்றார். அதைக் கொண்டுபோனால் வைக்க இடம் தேட வேண்டும்.

"வேண்டாம், வெட்டி எறிஞ்சிரும்" என்றேன்.

கொடைக்கு முந்தின நாள் ஜம்பர் கைக்கு வந்தது. பின்பக்கத் துணியையே இரண்டாக்கி முன்னும் பின்னும் வைத்து, கையை முழங்கைக்கு மேலே வெட்டி இறுக்கியிருந்தார். அம்மாவிடம் அக்காவின் பழைய ஜம்பர் என்று சொன்னேன். அக்கா அதற்குள் ஊருக்குப் போய்விட்டதால் கேட்பதற்கு ஆள் இல்லை. கொடை நாளான செவ்வாய்க்கிழமை மத்தியானம், மேளம் தொடங்கியதும் அதைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினேன். கூட்டாளிகள் நான்கு பேர் சுற்றி வந்து கையைத் தொட்டுப் பார்த்தார்கள். ஒருத்தி, தன்னுடையதைவிட என்னுடையதுதான் நன்றாக உப்பியிருக்கிறது என்று ஒத்துக்கொண்டாள். என் ஆயுசில் அதற்குப் பிறகு எத்தனையோ பட்டு உடுத்தியிருக்கிறேன். அந்த அரைமணி நேரத்துக் கர்வம் எதிலும் வரவில்லை.

வளையல் கடை முன்னால் நின்றுகொண்டிருந்தபோது பஸ் வந்தது. அத்தை பையோடு இறங்கினாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள், தாண்டி இரண்டடி போனாள், நின்றாள். திரும்பி வந்து என் கையருகே துணியைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் பிடித்து, கருப்பட்டியைச் சோதிப்பதுபோல மெல்ல உரசிப் பார்த்தாள். கூட்டாளிகள் விலகிக்கொண்டார்கள். அத்தை என் தோளைப் பிடித்துத் திருப்பி முதுகைப் பார்த்தாள். மறுபடி திருப்பி முன்பக்கத்தைப் பார்த்தாள்.

அடி விழும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். ஏன் பெட்டியைத் திறந்தாய், ஏன் எடுத்தாய் என்று கேட்டால் சொல்வதற்குப் பதில்களும் வைத்திருந்தேன். அவள் அதையெல்லாம் கேட்கவில்லை.

"முன்னால ஒரு தையல் இருந்துல்லா மக்கா, கறுப்பு நூல்ல? அது எங்க?"

இவ்வளவு அழகான கையை விட்டுவிட்டு அந்தக் கிழிசலை ஏன் கேட்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் அவள் குரல் தணிந்திருந்தது. கத்துகிறவள் கத்தாமல் பேசினால் பயம் வரும். "எலி கடிச்சிருக்குன்னு சொல்லி தையல்கார அண்ணாச்சி வெட்டிப் போட்டுட்டாரு" என்றேன்.

அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு நேராகத் தையல் கடைக்கு நடந்தாள். கொடை என்பதால் கடை பாதி சாத்தியிருந்தது. அண்ணாச்சி உள்ளே நின்று துணி தேய்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இந்தப் பிள்ளைக்குத் தச்சீருல்லா, அதுல வெட்டின துண்டு இருக்கா?"

அவர் அத்தையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ஒரே பார்வையில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நான் தரையில் கிடந்த நூல் துணுக்குகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

"இல்லையே அக்கா" என்றார். "நேத்து கரி பிடிக்காம இருந்து. இந்தத் தேய்ப்புப் பெட்டியில போட்டுப் பத்த வச்சிட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

அத்தை தேய்ப்புப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்லா தம்பி. வெட்டுததுக்கு முன்னால எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காண்டாமா?"

"கேட்டிருக்கணும் அக்கா" என்றார், கேட்டிருந்த அந்த மனிதர். "எம் மேலதான் தப்பு."

அதோடு எங்கள் வீட்டுத் தையல் வேலை தக்கலைக்குப் போய்விட்டது. அத்தை அந்தக் கடையில் பிறகு ஏறவில்லை. அவள் வார்த்தைக்குச் சந்தையில் மதிப்பு உண்டு. இன்னும் நாலைந்து வீட்டுக்காரர்களும் நிறுத்திக்கொண்டார்கள். பள்ளிக்கூடம் போகும்போது அண்ணாச்சி என்னைப் பார்த்தால் முன்போலவே சிரிப்பார். நான் தெருவின் மறுபக்கம் மாறி நடக்கப் பழகிக்கொண்டேன். இரண்டு வருடம் கழித்து அவர் கடையை எடுத்துக்கொண்டு மார்த்தாண்டம் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

கிழிசலின் கதையை எனக்குச் சொன்னது அப்பா. அப்போது எனக்குப் பதினாறு வயது. ஏதோ பேச்சில், பூட்டியின் குப்பாயத்தைத் தையல்காரன் பாழாக்கிவிட்டானே என்று ஆரம்பித்தவர் முழுவதையும் சொன்னார்.

பூட்டிக்கு என் பதினாறு வயது இருக்கும்போது எங்கள் ஆட்களில் பெண்கள் இடுப்புக்கு மேலே துணி போடக்கூடாது. அது சட்டம். பெரிய சாதிக்காரர்கள் எதிரே வந்தால் தோளில் கிடக்கும் கந்தலையும் எடுத்துவிட வேண்டும். அந்தக் காலத்தில்தான் சில பெண்கள் துணிந்து குப்பாயம் போட்டார்கள். பூட்டியும் ஒன்று போட்டுக்கொண்டு, தலையில் கருப்பட்டிப் பெட்டியோடு இரணியல் சந்தைக்கு வந்தாள். பெரிய தெருவில் நாலு பேர் மறித்தார்கள். அத்தனை ஜனம் பார்க்கக் கழுத்தில் கைவைத்து வயிறுவரை கிழித்துவிட்டார்கள். அவள் இரண்டு பாதியையும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, பெட்டியைத் தெருவிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தாள். அதுவரை அவள் ஊசியைத் தொட்டதில்லை. கிடைத்த நூலை எடுத்து அன்றைக்கே அதைத் தைத்தாள். அடுத்த சந்தைக்கு அதே குப்பாயத்தைப் போட்டுக்கொண்டு அதே தெருவில் வந்தாள். கறுப்பு நூல் எல்லோர் கண்ணிலும் படட்டும் என்றுதான் வந்தாளாம். அன்றும் அடி விழுந்தது. அதற்கடுத்த சந்தைக்கும் வந்தாள்.

அரசாங்க உத்தரவு மாறி, எல்லோரும் சட்டை போட ஆரம்பித்து, எவ்வளவோ நல்ல துணி வந்த பிறகும் அவள் அந்த ஒன்றை வைத்திருந்தாள். சாகும்முன் அத்தையைக் கூப்பிட்டுக் கொடுத்தாள். துவைக்கலாம், வெயிலில் போடலாம், அந்தத் தையலை மட்டும் பிரிக்கக்கூடாது என்று சொன்னாளாம்.

அப்பா சொல்லி முடித்தபோது அத்தை கடையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். வெட்டி எறியச் சொன்னது நான்தான் என்று அப்போதே போய்ச் சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். அத்தை அதற்குப் பிறகு மூன்று வருடம் இருந்தாள். மூன்று வருடத்தில் எத்தனை நாளை! கடைசியில் அவள் படுக்கையில் கிடந்தபோது, இனி எதற்கு அவளைச் சங்கடப்படுத்த வேண்டும் என்று ஒரு நல்ல காரணமும் எனக்குக் கிடைத்துவிட்டது. அண்ணாச்சிமேல் இருந்த கோபத்தோடேயே போய்ச் சேர்ந்தாள்.

கொடையன்று இதெதுவும் எனக்குத் தெரியாது. தையல் கடையைவிட்டு இறங்கியதும் அத்தை என்னை வீட்டுக்கு இழுத்துப் போவாள், சட்டையைக் கழற்றச் சொல்லுவாள் என்று நினைத்தேன். அவள் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. பிறகு குனிந்து, என் ஜம்பரின் கழுத்தை நேராக்கி, உப்பிய கை இரண்டையும் நீவிவிட்டாள். என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு பெரிய தெருவில் நடக்கத் தொடங்கினாள்.

சந்தையிலிருந்து குளத்தங்கரை வரை போகும் தெரு அது. இரண்டு பக்கமும் பழைய பெரிய வீடுகள். கொடைப் பந்தல் இருந்தது எதிர்த் திசையில். அத்தை வழக்கமாக விறுவிறுவென்று நடப்பவள். அன்று எண்ணி எண்ணி அடி வைப்பதுபோல நடந்தாள். ஓரமாக நடக்கவில்லை, தெருவின் நட்டநடுவில் நடந்தாள். பின்னால் வந்த மாட்டுவண்டிதான் ஒதுங்கிப் போயிற்று. ஊரெல்லாம் பார்க்கும்படி நடத்திப்போய் என்னை அவமானப்படுத்துகிறாள், கடைசியில் எல்லோர் முன்னாலும் திட்டப் போகிறாள் என்று எனக்குக் காது சுட்டது.

பெரிய வீடு ஒன்றின் முகப்பில் சாய்வு நாற்காலியில் ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தி எங்களைப் பார்த்தார். அத்தையின் பிடி என் விரல்கள் நோகும்படி இறுகியது. அவர் மறுபடி பேப்பருக்குள் போய்விட்டார். அடுத்த வீட்டு நடையில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்; பேச்சை நிறுத்தவில்லை. இன்னொரு வீட்டிலிருந்து வயதான ஒரு மனிதர், "நல்ல கருப்பட்டி எப்ப வரும்?" என்று கேட்டார். "நாளைக்குக் கடைக்கு ஆள் அனுப்புங்க" என்றாள் அத்தை. அவர் தலையாட்டிவிட்டு உள்ளே போனார்.

குளத்தங்கரை வந்துவிட்டது. திட்டு எதுவும் விழவில்லை. பயம் போனதும் எனக்கு வேறொன்று தோன்றி அழுகை முட்டியது. இவ்வளவு நீளத் தெருவில், இத்தனை வீட்டில், என் பப் கையை ஒருத்தர்கூட நின்று பார்க்கவில்லை.

"யாருமே பாக்கல்லியே அத்தே" என்றேன்.

அத்தை என் முகத்தைப் பார்த்தாள். திரும்பி, நாங்கள் நடந்துவந்த தெருவை அந்தக் கோடி வரை பார்த்தாள்.

"ஆமா மக்கா" என்றாள். "யாருமே பாக்கல்ல."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். துண்டின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் அதையே சொல்லிச் சிரித்தாள். என்னைக் கேலி செய்கிறாள் என்று எனக்கு ஆத்திரம் வந்தது. அவள் கையை உதறிவிட்டு, மேளச் சத்தம் கேட்ட பக்கமாக ஓடினேன்.